அலைத் தொட்டியில் ஒரு பட்டு நூல்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார். காலையில் பழைய லேப் குரூப்பில் மெசேஜ். மாரடைப்பாம்... இன்னும் நம்ப முடியவில்லை.

நான் பிஎச்டி செய்த கல்லூரியில் அலைத் தொட்டியைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன். தினமும் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருவார்.

நீளமான கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில் மோட்டார் ஒரு பலகையைத் தள்ளும், அலை கிளம்பும். பலகை இவ்வளவு நகர்ந்தால் அலை இவ்வளவு உயரம் வரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் ஆராய்ச்சி.

நான் சொன்ன உயரத்துக்கு ஒரு நாளும் அலை வரவில்லை. எப்போதும் குறைவு. மூன்று மாதம் ஃபார்முலாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டேன்.

கடைசியில் கைடு, "தலைப்பையே மாத்திடலாமா?" என்று கேட்டுவிட்டார். பாத்ரூமில் போய் அழுதேன்.

அண்ணனுக்கு அவசரமே கிடையாது. ஒரு ரன் முடிந்து தண்ணீர் அசையாமல் நின்ற பிறகுதான் அடுத்த ஸ்விட்ச். "இன்னா மா அவசரம்? தண்ணி அடங்கட்டும்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் வீட்டுத் தறியிலிருந்து அரக்குப் பட்டு நூல் துண்டு ஒன்று கொண்டுவந்தார். கம்பி நுனியில் கட்டி, பலகை ஓரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீரில் பிடித்தார். பலகை முன்னால் போகும்போதெல்லாம் நூல் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"பாத்தியா மா? தண்ணி சந்து வழியா பின்னாடி ஓடிக்கினு இருக்குது. அப்புறம் அலை எப்படி ஏறும்?"

அந்த இடுக்கை அடைக்கும் ரப்பரைக் கடைசியாக மாற்றியவரும் அவர்தான். ஒரு பக்கம் குட்டையாக வெட்டியிருந்தார். அவருடைய கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. நானாக இருந்தால் சத்தமில்லாமல் ரப்பரை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அவர் நேராக கைடு அறைக்குப் போனார். "ரப்பர் நான் வெட்டினது சார். தப்பு என் மேல. அந்தப் பொண்ணு போட்ட கணக்கு சரியாத்தான் இருக்குது."

நல்ல திட்டு விழுந்தது. வெளியே வந்து, "வா மா, டீ சாப்பிடலாம்" என்றார். நல்லவேளை, வேலை போகவில்லை.

புது ரப்பர் போட்டு ஓட்டிய முதல் ரன்... நான் சொன்ன உயரமும் வந்த உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. என்னைவிட அவர்தான் அதிகம் சிரித்தார்.

என் பெயருக்கு முன்னால் இருக்கும் டாக்டர் பட்டம் அவர் கொடுத்தது. தீசிஸ் நன்றிப் பக்கத்தில் பெயர் போட்டேன். நேரில் ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொன்னதில்லை. நன்றி அண்ணே.

இன்று என் லேபில் இருக்கும் அலைத் தொட்டிக்கு ஸ்டூடன்ட்ஸ் ஸ்விட்ச் போட வந்தார்கள். இன்று வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

தண்ணீர் அசையாமல் நிற்கிறது அண்ணே. போய் வாங்க.