குரங்குக்கு வரும் அக்கி

நான் வெளியூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். குரங்குகளின் ஹெர்ப்பீஸ் வைரஸ்கள்தான் என் ஆராய்ச்சி. நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ கேட்டபோது அதை அப்படியே சொல்லிவிட்டேன். பக்கத்து இலையில் பாயசத்தோடு போளியைப் பிசைந்துகொண்டிருந்த சித்தப்பா, "அது கெட்ட சகவாசத்துல வாற நோயில்லா?" என்று காதோடு கேட்டார். மனிதர் படித்தவர்தான், அதுதான் வினை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "குரங்குக்கு வரும் அக்கி, சில குரங்குக்கு அது கழலைப் புற்றாகும்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அக்கி என்றால் ஊரில் தெரியாதவர் இல்லை. பொய்யும் இல்லை, அக்கியைக் கொண்டுவருவதும் அந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்றுதான். மானமும் தப்பியது.

போன வருடம் என் அக்காவுக்கு நிஜமாகவே இடுப்பில் அக்கி வந்தது. மாத்திரையும் சாப்பிட்டாள், குயவரான வேளார் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளவும் செய்தாள். காவி குழைத்து, கொப்புளம் வந்த இடத்தில் சிங்கம் வரைவார்கள். நடுவில் குழித்துறையில் ஒரு கல்யாணம் என்று போனதில் எழுத்து ஒரு நாள் விட்டுப்போயிற்று. அக்கி என்னவோ ஆறிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

இந்த வருடம் அவள் கழுத்தில் கட்டி வந்தது. சோதித்ததில் லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். மருந்து ஏற்றினால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். முதல் மருந்து ஏற்றும் நாளுக்கு நான் லீவு போட்டு வந்து சேர்ந்தேன். அக்கா புறப்படுகிற மாதிரியே தெரியவில்லை.

"ஆஸ்பத்திரி பெறவு பாக்கலாம் மக்கா. முதல்ல வேளாரு வீட்டுக்குப் போணும். விட்டுப்போன எழுத்தை எழுதிக்கிடணும்."

"எதுக்கு?"

"நீதானட்டி சொன்ன, குரங்குக்கு அக்கி வந்தா கழலைப் புத்தாவும்னு. எனக்கும் உள்ள எறங்கிட்டு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அவள் மேல், பிறகு அந்தச் சித்தப்பா மேல். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து விளக்கினேன். தென்னமெரிக்காவில் அணில் குரங்கு என்று ஒன்று உண்டு. ஒரு ஹெர்ப்பீஸ் வைரஸ் ஆயுள் முழுக்க அதன் உடம்பில் குடியிருக்கும், ஒரு தொந்தரவும் செய்யாது. அதே வைரஸ் வேறு சில இனக் குரங்குகளுக்குத் தொற்றினால் லிம்போமா வந்து சீக்கிரமே செத்துப்போகும். அக்கி வைரஸ் அதே குடும்பம்தான், ஆனால் வேறு. அது நரம்பில் ஒளிந்து கிடக்கும், இந்த நோயைக் கொண்டுவராது.

"ஒரே குடும்பம்னும் நீயே சொல்லுக, வேறன்னும் சொல்லுக."

"நாமளும் சித்தப்பாவும் ஒரே குடும்பந்தானே? ஒண்ணுபோலயா இருக்கோம்?"

அக்கா சிரித்துவிட்டாள். வேளார் வீட்டுப் பேச்சு அதோடு நின்றது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் குரங்குகளுக்கு மருந்து உண்டா?"

அவளிடம் எனக்குப் பொய் வராது. "மருந்து குடுக்கதில்ல. செத்த பெறவு கழலையை வெட்டி எனக்கு அனுப்புவாங்க. நான் மைக்ரோஸ்கோப்புல பாப்பேன்."

"ஒண்ணாவது பிழைச்சு நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்னதைப் போனில் அவளுக்குத் தினமும் சொன்னவள் நான்தான். ஆனால் என்னால் அதை நம்ப முடியவில்லை. இந்த நோயைச் செத்த உடம்புகளில் மட்டுமே பார்த்துப் பழகியவள் நான். அக்கா செத்துப்போவாள் என்று பயந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

அக்கா எழுந்து போய் வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்தாள்.

"சவம், கண்ணைத் தொடை. ஆட்டோவைக் கூப்பிடு" என்று செல்லமாக வைதாள். "ஒருத்தி பிழைக்கதையும் நீ பாக்கணும்லா."