அமெரிக்காப் பேப்பரில் போட்ட அட்டை

வெந்த ஸ்டார்ச் பசையின் புளித்த வாசனை... ஈரமான பிரவுன் பேப்பர் காயும் வாசனை... இரண்டும் சேர்ந்து அடித்தால் எனக்கு என் முதல் வேலைதான் ஞாபகம் வரும்.

வடமதுரை போகிற ரோட்டில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி கம்பெனி. நூல் மில்களுக்குப் பெட்டி செய்து கொடுப்போம். சாம்பிள் பெட்டி செய்வது என் வேலை. பசை செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டது பிலோமினா அக்கா.

ஒரு ஜூன் மாதம் பெரிய மில் ஒன்று எக்ஸ்போர்ட் நூலுக்குப் பெட்டி கேட்டது. பேப்பர் அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருக்க வேண்டுமாம். முதலாளி அலையாய் அலைந்து சாம்பிளுக்கு ஆறே ஆறு ஷீட் வாங்கி வந்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் பெட்டி மில்லில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் கோயமுத்தூருக்குப் போய்விடும்.

அந்த ஷீட்டைத் தொட்டுப் பார்த்தேன்... அடேயப்பா!

நம் பேப்பர் பழைய பேப்பரையே திரும்பத் திரும்ப அரைத்துச் செய்தது. மடித்த இடத்திலேயே வெடிக்கும். இதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் ஓரம்கூடக் கிழியவில்லை. ஒரு தேசம் பேப்பரை இப்படியும் செய்யுமா என்று வாயைப் பிளந்து நின்றேன்.

மறுநாள் காலை போனால்... ஷீட்டைக் காணோம்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. பேப்பர் ரீலைச் சுற்றி வரும் மேலுறையைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட எடுத்துக்கொள்வது எங்கள் கம்பெனி வழக்கம். யாரும் கேட்க மாட்டார்கள். சுவரோரம் சாய்த்திருந்த ஆறு ஷீட்டையும் மேலுறை என்று நினைத்து, அக்கா வெட்டி எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டார்!

"நாந்தான் வெட்டுனேன் மொதலாளி. இவளுகள ஒண்ணும் சொல்லாதீங்க."

முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை. உள்ளூர் பேப்பரிலேயே ரெண்டு அடுக்கு கூடப் போட்டுச் செய்யச் சொன்னார். செய்து எடுத்துப் போனோம். மில் மேனேஜர் மூலையில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்துவிட்டது.

"உள்ளூர் பேப்பருன்னா இம்புட்டுதான் சார்" என்றார் முதலாளியிடம்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆர்டர் போச்சு. அன்றைக்கே அக்காவின் வேலையும் போச்சு. இரண்டு பிள்ளைகளோடு வத்தலக்குண்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பசைப் பதம் யாருக்கும் பிடிபடாமல் பெட்டியெல்லாம் வாய் பிளந்து திரும்பி வந்த பிறகுதான், முதலாளியே போய்க் கூட்டி வந்தார்.

போன வாரம் என் மகள் காலேஜ் ப்ராஜெக்டுக்காக ஒரு கிராஃப் போட்டுக் காட்டினாள். அமெரிக்காவும் இந்தியாவும் வருஷா வருஷம் வெளிநாட்டுக்கு விற்ற பேப்பர், அட்டை. அவர்கள் கோடு இன்றைக்கும் உசரத்தில்தான் இருக்கிறது. நம் கோடு ரொம்ப வருஷம் தரையோடு ஊர்ந்து... பிறகு மெதுவாக ஏறுகிறது. நாம் விற்பதில் கொஞ்சம் அமெரிக்காவுக்கே போகிறதாம்! அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"நெசமாவா புள்ள? நம்ம பேப்பரு அங்க போகுதா?"

அப்புறம் சொன்னார்.

"அங்கயும் எவளாச்சும் வெவரம் தெரியாம அத வெட்டி, பிள்ளை புத்தகத்துக்கு அட்டை போட்டுருவா... அவ வேலைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது, மாதாவே."