வெளிநாட்டில் சொத்து உண்டா?

பணக்காரர்கள் தங்கள் சொத்தை எந்தத் தேசத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று தேடுவது என் தொழில். அதற்குச் சில மாதம் சம்பளம் வரும், சில மாதம் வராது. தங்கள் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கிக் களைத்துப்போன அன்பர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அரிமளத்து ஆபீசர்

சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பொருளாதார ஆய்வாளராகச் சேர்ந்த புதிதில், அப்பா என்ன வேலை என்று கேட்டார். வரியே இல்லாத குட்டி நாடுகள், அங்கே பேருக்கு ஒரு கம்பெனி, அதன் பெயரில் இங்குள்ளவர்களின் சொத்து என்று அரைமணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்ட அப்பா, கடைத்தெருவில் அதை "வரி சம்பந்தமான வேலை" என்று சுருக்கிவிட்டார். எங்கள் ஊரான அரிமளம் முழுக்க நான் இன்கம்டாக்ஸ் ஆபீசர் ஆனேன்.

அந்தத் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனேன். பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடைக்காரர், அன்று கேட்காமலே பில் போட்டார். புடவைக்கு ஒன்று, ஜாக்கெட் துணிக்கு ஒன்று, ஊக்குக்கும் ஒன்று. நான் வெறும் ஆராய்ச்சிக்காரி, யாரையும் பிடிக்கிற அதிகாரம் எனக்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பையை இரண்டு கையாலும் நீட்டினார். "அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க. நீங்க ஒங்க கடமையைச் செய்யுங்க."

அக்கரையில் நிற்கும் சொத்து

யாரிடம் என்ன சொத்து இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்புக்காக, நானும் என்னுடன் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவும் ஜெகதாப்பட்டினம் என்ற மீனவக் கிராமத்துக்குப் போனோம். படிவத்தில் "வெளிநாட்டில் சொத்து உண்டா?" என்று ஒரு கேள்வி. கிராமங்களில் அதைக் கேட்பதற்கு முன்பே ஸ்டெல்லா "இல்லை" என்று டிக் போட்டுவிடுவாள். அன்று ஏதோ நினைப்பில் கேட்டுவிட்டாள்.

"இருக்கு தங்கச்சி" என்றார் படகுக்காரர் முருகேசன்.

ஸ்டெல்லாவின் பேனா நின்றது. எத்தனையோ பெரிய வீடுகளில் எங்களுக்குக் கிடைக்காத பதில் அது. எந்த நாட்டில் என்று கேட்டேன். "அக்கரையிலதான், இலங்கையில. எல்லை தாண்டுனோம்னு பிடிச்சாங்க. ஆளுகளை விட்டுட்டாங்க, எம் போட்டு மட்டும் அங்கிட்டே நிக்குது. இந்நேரம் பலகை எல்லாம் விட்டுப்போயிருக்கும்."

நாங்கள் சிரிக்கவில்லை. படிவத்தில் வங்கி, வீடு, பங்கு என்றுதான் கட்டங்கள் இருந்தன. ஓரத்தில் "விசைப்படகு ஒன்று" என்று எழுதிக்கொண்டேன். சென்னையில் கணினி அதைப் பிழை என்று தள்ளியது. இயக்குநரிடம் இரண்டு நாள் வாதாடி, அறிக்கையில் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் முருகேசன் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கேட்டார்: "அறிக்கையில அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டுனா, போட்டைக் குடுத்துருவாங்களா?"

எட்டுப் பேர் ரூம்

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு சின்னத் தீவில் இருக்கும் ஒரு கட்டடத்தின் படத்தைத் திரையில் காட்டி, ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு இதுதான் விலாசம் என்றேன். அரங்கம் வாயடைத்துப்போகும் என்று எதிர்பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், எங்க ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. அங்கயாவது தண்ணி ஒழுங்கா வருதா?"

மாட்டுக்கும் உண்டா?

டிவி விவாதம் ஒன்றில், பெரும் சொத்துக்கு வரி போட வேண்டும் என்று பேசினேன். மறுவாரம் ஊருக்குப் போனால், பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னவென்று விசாரித்தேன். அக்காவுக்கு இரண்டு கறவை மாடு. அதற்கும் வரி வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நூறு கோடிக்கு மேல் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். அக்கா முகம் மலர்ந்தது. காபி போட அடுப்படிக்குப் போனவர் பாதியிலேயே திரும்பி வந்தார். "எம்மகன் இப்பத்தான் சிங்கப்பூர் போயிருக்கான். நாளைக்கே அவனுக்கு நூறு கோடி சேந்துருச்சுன்னா? வேணாம்மா, அந்தச் சட்டத்தைப் போட்டுறாத."

நல்ல வேலை

பிறகு எங்கள் ஆய்வுத் திட்டம் முடிந்துபோனது. நான்கு மாதமாகச் சம்பளமில்லை. அந்தச் சமயத்தில், கல்லூரியில் என் பேச்சைக் கேட்ட ஒரு தொழிலதிபர் கூப்பிட்டனுப்பினார். மரியாதையான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். எந்த நாட்டில் சொத்தை எப்படி வைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறதாம்; அதையே அவருக்குச் செய்துகொடுக்க வேண்டுமாம். பழைய சம்பளத்தைப்போல மூன்று மடங்கு.

உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பஸ்ஸில் அரிமளம் வருவதற்குள் மனதுக்குள் ஒரு கார் வாங்கி, அதற்கு நிறமும் முடிவு செய்துவிட்டேன். இரண்டு நாள் பழைய படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டிக் கேட்ட கேள்விக்கு, நானே உட்கார்ந்து பொய்ப் பதில் தயாரிக்க மனம் ஒப்பவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, முடியாது என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "பரவாயில்லம்மா, ஒங்க கொள்கை ஒங்களுக்கு. அன்னைக்குக் காலேஜ்ல காட்டுன அந்தத் தீவு ஸ்லைடை மட்டும் அனுப்பிவிடுங்க."

அடுத்த மாதம் வேறொரு ஆய்வு வேலை கிடைத்தது, பழைய சம்பளத்துக்கே. ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்வதும், ஒளிப்பவர்கள் என்னிடமே வழி கேட்பதுமாகத் தொழில் நன்றாகவே நடக்கிறது.