சித்தளி தாண்டி நின்ற கரி லாரி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்கிறவர்கள் பேயைப் பார்க்காதவர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. 1943, சித்திரை மாதம், உச்சி வெயில். இதில் ஒரு வரிகூட நான் கட்டியதில்லை. லாரி ஓட்டிய கொளஞ்சியப்பனே என்னிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறார். நாலு தடவையும் ஒரு நிமிடம்கூட மாறவில்லை.

யுத்த காலம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. லாரிகள் கரிப்புகையில் ஓடின. கேபினுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உலை இருக்கும். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பக்கத்தில் இருக்கும் காற்று ஊதும் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். கிர்... கிர்... கிர்... இருபது நிமிடம், அரைமணி சுற்றினால்தான் எஞ்சின் உறுமும். சுற்றுவது கிளீனர் அமாவாசையின் வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர். மூச்சிரைப்பு உண்டு. அதிகம் பேசமாட்டார்.

அரியலூர் லாரி ஷெட்டில் காசிநாதன் என்று ஒரு மேனேஜர். அந்த ஆளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள். டிரைவர்களின் லைசென்ஸையெல்லாம் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வான். லைசென்ஸ் இல்லாமல் வேறு எங்கே போய் வண்டி ஓட்டுவது? அந்தத் தைரியத்தில்தான் கையை நீட்டினான். ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும், கை கன்னத்தில் விழும்.

அன்று காலை எட்டு நாற்பது. கரி ஈரம். உலை பிடிக்கவில்லை.

"எவ்ளோ நேரம்டா சுத்துவ?"

"ஈரக் கரிங்க..."

அமாவாசை சொன்னது அவ்வளவுதான். காசிநாதன் வண்டி முடுக்கும் இரும்பு ஹாண்டிலைத் தூக்கினான். முதல் அடி தோளில். அடுத்தது முட்டியில். கீழே விழுந்தவரை விட்டுவிடுவான் என்று பார்த்தால், முதுகில் நாலு அடி. ஏழாவது அடி தலையில் இறங்கியது. அந்தச் சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்ததாம்.

கொளஞ்சியப்பன் மூன்றடி தள்ளி, கையில் பிடித்த துடைக்கும் துணியோடு அப்படியே நின்றார். குறுக்கே போகவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதையில் இந்த இடம் வரும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஒன்பது மணிக்கு அமாவாசையின் மூச்சு நின்றது.

காசிநாதன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கொளஞ்சியப்பனின் லைசென்ஸோடு வந்தான்.

"வண்டியிலேந்து விழுந்துட்டான். பேரளி பக்கத்துல. பெரம்பலூர் ஸ்டேஷன்ல நீ அப்படித்தான் சொல்லணும். சொல்லிட்டீன்னா இத வாங்கிக்கிட்டு எங்க வேணா போ."

"சொல்லலன்னா?"

"அடிச்சது நீதான்னு நான் சொல்வேன்."

வீட்டில் மனைவி ரத்தினம்மாள் நிறைமாதம். கொளஞ்சியப்பன் தலையை ஆட்டினார். ஆட்டிய தலையை வெட்டிப் போடலாம் என்று இருந்ததாம் அவருக்கு. ஆனாலும் ஆட்டினார்.

பருத்திப் பொதிகளின் மேல் உடலைக் கிடத்தி, தார்ப்பாயால் மூடிக் கயிறு இறுக்கினார்கள். கொளஞ்சியப்பனே சக்கரத்தைச் சுற்றி உலையைப் பிடிக்க வைத்தார். பத்து இருபதுக்கு வண்டி கிளம்பியது. பக்கத்தில் காசிநாதன்.

சித்தளி தாண்டியதும் எஞ்சின் இருமியது. நின்றுவிட்டது.

காசிநாதன் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு ஐந்து. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல் காடு. மரம் இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்கைகூட இல்லை.

"எறங்கிச் சுத்துடா."

உடனே இறங்கக் கால் வரவில்லை. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பவருக்குப் பக்கத்தில் நின்றுதான் சுற்றவேண்டும். கால் மணி நேரம் திட்டு வாங்கினார். இரண்டு அறையும் வாங்கினார். கடைசியில் கதவில் கை வைத்தார்.

கிர்...

கையை எடுத்துவிட்டார்.

கிர்... கிர்...

பின்னால் சக்கரம் சுற்றுகிறது.

முதலில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பழக்கதோஷம். இரண்டு வருடமாக வண்டி நின்றால் அந்தச் சத்தம் வரும். இவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். அன்றும் தலையைச் சாய்த்துவிட்டார்.

அப்புறம்தான் உறைத்தது.

எட்டுச் சுற்று. ஒரு நிறுத்தம். இழுத்து ஒரு மூச்சு. மறுபடி எட்டுச் சுற்று.

அமாவாசை அப்படித்தான் சுற்றுவார்.

"யார்ரா அவன்?"

காசிநாதன் ஹாண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான். செருப்புச் சத்தம் பின்னால் போனது.

சக்கரம் நின்றது.

ஒன்றுமில்லை...

டக்.

எலும்பு முறிந்த சத்தம். அலறல். இன்னொரு டக். 'புஸ்' என்று உலை சீறியது. முடி கருகும் நாற்றம்.

காசிநாதன் ஊர்ந்து வந்து கேபினில் விழுந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதி முகம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"எடு... வண்டிய எடு..."

"யாருங்க அங்க?"

"யாருமில்லடா... அது தானா சுத்துது..."

கிர்... கிர்... கிர்...

பன்னிரண்டரை. கொளஞ்சியப்பன் மிதித்ததும் எஞ்சின் பிடித்தது.

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பெரம்பலூர் ஸ்டேஷனுக்குள் அவர்கள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றேகால். கொளஞ்சியப்பனின் தோளில் தொங்கிக்கொண்டு வந்த காசிநாதன், இடது கையால் லைசென்ஸை அவர் உள்ளங்கையில் திணித்தான். "சொல்லு," என்றான்.

கொளஞ்சியப்பன் வாயைத் திறப்பதற்குள் ஏட்டு சவரியார் நிமிர்ந்தார்.

"கொளஞ்சியப்பன்ங்கறது நீங்கதானே?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படி..."

"ஒங்க கிளீனர் வந்து புகார் குடுத்துட்டுப் போனாரு. பன்னெண்டு பத்துக்கு. மண்டையில ரத்தம். உக்காருய்யான்னேன், உக்காரல. ரேகை வச்சாரு, போயிட்டாரு. எங்க அவரு?"

"வண்டியில... பொணமா இருக்காருங்க. காலையிலேயே செத்துட்டாரு."

சவரியார் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்தார். கயிறு கட்டியபடியே இருந்தது. அறுத்துத் தார்ப்பாயை விலக்கினார்கள். உடல் விறைத்துப் போயிருந்தது. ஆனால் இடது கைக் கட்டைவிரலில் கறுப்பு மை. சவரியார் தொட்டுப் பார்த்தார். மை அவர் விரலில் ஒட்டியது.

காசிநாதன் வாசல்படியில் சரிந்தான்.

சவரியார் உள்ளே போய், அந்தக் காகிதத்தை எடுத்து, கடைசி வரிகளைப் படித்தார். அமாவாசை சொல்லச் சொல்ல அப்படியே எழுதியது:

"எங்க டிரைவரண்ணன் கண்ணால பாத்தவரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு. வண்டி நின்னு கெடக்கு. நான் போயி சுத்திக் குடுத்து அவர அனுப்பி வைக்கிறேன். ஒன்னேகாலுக்கு வந்துடுவாரு."

கொளஞ்சியப்பன் அந்த ரேகையைப் பார்த்தார். பிறகு லைசென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு, காலை எட்டு நாற்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.