பட்டி போடாத சேஸ்

கண்ணில் படாத இடத்துக்கு என்ன பெயின்ட் அடித்தால் என்ன என்று கேட்கிற ஆள்தான் நான். பரண் மேல் கிடக்கிற அண்டாவை நான் துலக்குவதே இல்லை. அப்படியும் போன சாரலின்போது, ஒரு பழைய ஜீப்பின் சேஸுக்கு மங்கலான மேட் பெயின்ட் அடிப்பதா, பளபளக்கிற கிளாசி அடிப்பதா என்று எங்கள் வீட்டில் சண்டை வந்து, புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசவில்லை.

ஜீப் எங்கள் மகனுடையது. சிவகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை விலை பேசி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பாடியைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, அதைத் தாங்குகிற இரும்புச் சட்டமான சேஸில் வேலையை ஆரம்பித்தான். துருப்பிடித்த இடங்களை வெட்டி, புதுத் தகடு கொடுத்து, தானே வெல்டிங் வைத்தான். செல்போனில் பார்த்துப் படித்த வெல்டிங். ஒட்டு வைத்த இடமெல்லாம் மொத்தை மொத்தையாக இருக்கும்.

"என்னலே இது, எறும்பு புத்து கெட்டுன மாரி இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவன் சிரிப்பான். சேஸ் வேலை முடிந்த ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. அதிலேயே போய்விட்டான். பாவி, இருபத்தாறு வயது.

ஷெட்டை அதன்பின் யாரும் திறக்கவில்லை. ஆனியில் சாரல் விழ ஆரம்பித்ததும், வண்டியை முடித்தே தீருவேன் என்று இவர் கிளம்பினார். தென்காசியிலிருந்து ஒரு பெயின்டர் வந்து பார்த்தார்.

"மேட் அடிச்சா மேடுபள்ளம் தெரியாது அண்ணாச்சி. ஆனா சேறு ஒட்டுனா லேசுல போகாது. கிளாசி கழுவ சுளுவு, ஆனா ஒரு குறையையும் மறைக்காது. ரெண்டுக்கும் நடுவுல செமி கிளாசி இருக்கு. பொதுவா அதான் அடிக்கது."

"கிளாசிதான்" என்றார் இவர். காலமெல்லாம் பெல்ட்டுக்கும் ஷூவுக்கும் பாலிஷ் போட்ட புத்தி.

"அப்பம் இந்த ஒட்டையெல்லாம் கிரைண்டர் வச்சுச் சீவி, பட்டி போட்டுச் சமமாக்கிருதேன்."

அவன் சட்டைகளைக் கொடுத்தாயிற்று, பைக்கையும் விற்றாயிற்று. அவன் கையால் செய்தது என்று இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த மொத்தைகள்தான். மேட் அடித்துவிட்டுப் போங்கள், அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கத்தினேன். ஈரக் காற்றில் கிளாசி வெளுத்துப்போகும் என்று பெயின்டரும் வராததால், சண்டை போட எங்களுக்கு நல்ல அவகாசம் கிடைத்தது.

வெயில் அடித்த ஒரு நாள் பெயின்டர் வந்து கிரைண்டரை மாட்டினார். சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடினேன். எனக்கு முன்னால் இவர் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"அத உள்ள வையும். பட்டியும் வேண்டாம். அப்படியே கிளாசி அடியும்."

"ஒவ்வொரு மொத்தையும் பளிச்சுன்னு தெரியுமே அண்ணாச்சி. பாக்கவங்க என் வேலயல்லா ஏசுவாங்க?"

"தெரியட்டும். எவன் கேட்டாலும் எம் மவன் வச்சதுன்னு சொல்லும்."

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். முதலிலேயே இதைத்தான் நினைத்திருந்தாரா, இடையில் மனம் மாறினாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது பாடியை ஏற்றி, ஜீப் ஓடுகிறது. இவர் தனியாகப் புளியறை வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். வந்ததும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஒட்டுகளில் தெறித்த சேற்றைத் துடைப்பார்.

"ஏட்டி, இங்கன வந்து பாரேன். அவன் வச்சது அம்புட்டும் தெரியுது."

"முட்டு வலிக்கி, என்னால குனிய முடியாது" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்கிறேன். என் முட்டில் ஒரு வலியும் இல்லை.