கணக்கை மூடிய யோகண்ணை

போன செவ்வாய்க்கிழமை காலை நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. யோகண்ணையின் மகள் துளசி.

"அங்கிள், அப்பா எழும்புறார் இல்லை."

"தட்டி எழுப்பு பிள்ளை, வேலைக்கு நேரம் போகுது" என்றேன். மறுபக்கத்தில் தாய் குளறுவது கேட்ட பிறகுதான் விளங்கியது. பாதி முகத்தில் நுரையோடு அவர்கள் இருந்த வெக்ஸ்போர்ட்டுக்குக் காரை விட்டேன். வழியில் மறித்த பொலிஸ்காரன் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, தானே முன்னால் சைரன் போட்டு வழியெடுத்துத் தந்தான். நம்பாதவர்கள் நம்பாமல் விடலாம். யோகண்ணை நித்திரை கொள்கிறவர் போலக் கிடந்தார். நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அந்த முகத்தில் பயம் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவருடைய இந்த நினைவு மலருக்கு எழுதப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்பு, அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் வேலையிடத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரை என்னுடையது. அங்கே நடந்ததைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

எங்களுடையது இன்ரர்நெற்றில் பந்தயம் பிடிக்கிற கொம்பனி. குதிரை, பந்து, குத்துச்சண்டை எதிலும் வீட்டிலிருந்தபடியே கொம்பியூட்டரில் காசு கட்டலாம். லைசென்ஸ் கரிபியன் தீவு ஒன்றில். வேலை செய்கிற நாங்கள் ரொறொன்ரோவில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில். கணக்கில் சிக்கல் வந்தால் ஆட்கள் எங்களுக்குப் போன் எடுத்துக் கேட்பார்கள். சொந்தப் பெயர் சொல்லக்கூடாது. தீவில் இருப்பதாகத்தான் சொல்லவேண்டும். நான் ரொனி, யோகண்ணை கெவின். வெளியில் ஸ்னோ முழங்காலுக்குக் கிடக்கும். நான் உள்ளே இருந்துகொண்டு, இப்போதுதான் கடலில் குளித்துவிட்டு வந்தேன், மணல் காலைச் சுடுகிறது என்று அள்ளி விடுவேன். என் பேச்சைக் கேட்டு மூன்று குடும்பம் அந்தத் தீவுக்கு ஹொலிடே போயிருக்கிறது. யோகண்ணைக்கு அது வராது. "இங்கே நல்ல வெயில்" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு உண்மையாகவே வேர்த்துவிடும்.

நாங்கள் சேர்ந்தபோது பத்துப் பேர்கூட இல்லை. வருடம் திரும்புமுன் மாடி முழுக்கத் தலைகள். கொம்பனி வளர வளரப் பயமும் வளர்ந்தது. முதலாளிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நாங்கள் வைத்த பெயர் 'பெரிசு'. பெரிசு ஒருவரையும் வேலையால் நிற்பாட்டுகிறேன் என்று வாயால் சொன்னதில்லை. காலையில் வந்து கதவில் அடையாளக் காட்டைப் பிடித்தால் பச்சை விளக்கு எரியவேண்டும். சிவப்பு எரிந்தால் வந்த வழியே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒருநாள் கயானாக்காரப் பெண் ஒருத்தி சிவப்பைக் கண்டுவிட்டு, விளக்குப் பழுது என்று நினைத்துக் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள். உள்ளே இருந்த எல்லோரும் அவளைக் கண்டோம். ஒருவரும் எழும்பவில்லை. போனில் சுறாவோடு மல்லுக்கட்டி மீண்ட கதை விடுகிற நானும் எழும்பவில்லை.

யோகண்ணை காட்டைப் பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். "பச்சை எரிஞ்சாப் பிறகுதான் அண்ணை எனக்கு விடியுது" என்பார். அவர் மனைவியும் துளசியும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவல் நடந்துகொண்டிருந்தது. வேலைக் கடிதம் இல்லாவிட்டால் அது அப்படியே நின்றுவிடும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அந்தச் சிவப்பு விளக்கில் தெரிந்தது அவர்கள் இரண்டு பேரின் முகமும்தான்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. கணக்கை மூடச் சொல்லிப் போன் எடுக்கிறவனை மூட விடக்கூடாது. இலவசமாக ஒரு பந்தயத்தைக் கொடுத்து, நாலு இனிப்பு வார்த்தை சொல்லி, திரும்ப விளையாட வைக்கவேண்டும். அப்படி ஒருவனைத் திருப்பினால் மணி அடிப்பார்கள், எல்லோரும் கைதட்டவேண்டும். கிழமைக் கடைசியில் ஆகக் கூடுதலாகக் கணக்கு மூடினவரின் கதிரையைத் தூக்கிவிடுவார்கள். அடுத்த கிழமை முழுக்க அவர் நின்றபடிதான் வேலை செய்யவேண்டும். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கவேண்டும். சிரிக்காதவர் யார் என்று பெரிசு பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் யோகண்ணைக்கு ஓர் அழைப்பு வந்தது. தன் கிரெடிட் காட் வேலை செய்யவில்லை, மனைவியின் காட்டைக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. ஒரு பெண் தமிழில் கத்தினாள்: "வாடகைக் காசையும் விட்டிட்டு இப்ப என்ரையையும் கேக்கிறியளோ?" எல்லா அழைப்பும் ஒலிநாடா ரேப்பில் பதிவாகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யோகண்ணைக்கும் தெரியும். ஆனாலும் மெல்லத் தமிழில் கேட்டார்.

"தம்பி, எங்க இருக்கிறீர்?"

"கனடாவில, பிறம்ரன்... அண்ணை, நீங்கள் தமிழோ? தீவில எண்டெல்லோ சொன்னவை?"

"அதை விடும். நான் உள்ளுக்க இருந்து பாக்கிறன் தம்பி. உதில ஒருத்தரும் வெண்டுகொண்டு போறேல்லை. உம்மட கணக்கை நான் மூடிறன். இனித் திறக்கச் சொல்லிக் கேளாதையும்."

மூடிவிட்டார். அவர் விரல்கள் கீபோட்டில் பட்டுக் கடகடவென்று அடித்தது எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் பெரிசு எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். மேசையில் ரேப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கொம்பனியில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். "இவன் என்ன சொல்கிறான்? வரிக்கு வரி சொல்லு" என்று பெரிசு என்னைக் கேட்டான். யோகண்ணை சுவரோடு ஒட்டி நின்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. பொய் என்று பிடித்தால் இரண்டு பேருக்கும் சிவப்பு. உண்மையைச் சொன்னால் கொழும்பில் இருக்கிற இரண்டு பேரும் அங்கேயேதான்.

கடவுள் எனக்குப் படிப்பைத் தரவில்லை, வாயைத் தந்தார்.

"சேர், போன் எடுத்தவன் பதினாறு வயதுப் பெடியன். தகப்பனுடைய காட்டைக் களவாக எடுத்திருக்கிறான். கெவின்தான் கெட்டித்தனமாகத் தமிழில் கதைத்துக் கண்டுபிடித்தான்" என்றேன்.

"கத்துகிற பெண்?"

"தாய். தகப்பன் வந்தால் உரித்துப் போடுவான் என்கிறாள். தகப்பன் பொலிஸ்."

பெரிசின் கண் ஒருமுறை கதவுப் பக்கம் போய் வந்தது. அவனுக்கும் பயம் இருந்தது. பெயர்ப்பலகை இல்லாமல் நடத்துகிறவனுக்கு இல்லாமல் இருக்குமா? ஆனாலும் அவன் லேசில் விடவில்லை. "குரல் இவ்வளவு தடிப்பாக இருக்கிறதே?"

"எங்கள் பெடியன்களுக்குக் குரல் கெதியாக உடைந்துவிடும், சேர். சாப்பாட்டில் மிளகாய்த்தூள் கூடுதல்."

அவன் சிரிக்கவில்லை. ரேப்பைக் கழற்றி மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினான். "இன்னொரு தமிழ் ஆள் சேரும்போது கேட்டுப் பார்க்கிறேன்" என்றான். வெளியே வந்ததும் யோகண்ணை கழுவும் அறைக்குப் போய், தின்றது முழுக்கச் சத்தி எடுத்தார். நானும் ஆறுதல் சொல்லத்தான் கூடப் போனேன், ஆனால் எனக்கும் அதேதான் நடந்தது. இந்த மொழிபெயர்ப்பை நான் எத்தனையோ கலியாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன், ஆளுக்குத்தான் பெயர் போட்டதில்லை. சத்தி எடுத்ததை இப்போதுதான் சொல்கிறேன்.

அந்தக் கிழமை யோகண்ணையின் கதிரையைத் தூக்கினார்கள். முழங்கால் வீங்க வீங்க நின்றார். ஆனால் அவரை வாட்டியது அதுவல்ல. அந்தப் பிறம்ரன்காரன் திரும்ப எடுக்கத் தொடங்கினான். கெவினைத் தா என்று கேட்டு எடுப்பான். அவன் என்ன சொல்கிறான் என்பதை யோகண்ணை கழுவும் அறையில், தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். வேறு இடத்தில் கதைக்க எங்களுக்குத் துணிவில்லை.

"கணக்கைத் திறக்கட்டாம் அண்ணை. இல்லாட்டி, ஒருத்தரும் வெல்லுறேல்லை எண்டு நான் தமிழில சொன்னதை முதலாளி வரைக்கும் சொல்லுவானாம்."

"அட, நாசமாய்ப் போவான்! ஐசே, திறந்து விட்டிட்டுப் பேசாமல் இரும். உம்மட பெஞ்சாதி பிள்ளையை யோசியும்."

"அவனுக்கும் பெஞ்சாதி பிள்ளை இருக்குது அண்ணை. அண்டைக்கு அழுத சத்தம் உங்களுக்குக் கேக்கேல்லையே?"

எனக்குக் கேட்டதுதான். நான் குழாயைப் பூட்டினேன்.

அதன் பிறகு போன் மணி அடிக்கும்போதெல்லாம் யோகண்ணை ஒருமுறை தூக்கிவாரிப்போட்டு நிமிர்வார். அவன் கத்துவது பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்கும். தூஷணம், கெஞ்சல், அழுகை, பிறகு மிரட்டல். யோகண்ணை ஆங்கிலத்தில் ஒரே பதில்தான் சொல்லுவார். "நோ, சேர். இற் இஸ் குளோஸ்ட், சேர்." குரல் உடைந்து, பாதி காற்றாகத்தான் வரும். பிறகு குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு, நாளைக் காலையில் சிவப்பு எரியும் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போவார். காலையில் வந்து திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு காட்டைப் பிடிப்பார்.

ஒருநாள் அந்த அழைப்பு நின்றுபோனது. திருந்தினானோ, வேறு கொம்பனியில் கணக்குத் திறந்தானோ தெரியாது. நான் தேங்காய் உடைக்கவேண்டும் என்றேன். யோகண்ணைக்குப் பயம் இரட்டிப்பானது. "ஏன் அண்ணை எடுக்கிறான் இல்லை? அவனுக்கு ஏதும் நடந்திருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த வசந்தத்தில் மனைவியும் துளசியும் வந்து இறங்கினார்கள். பயணம் ஏற்றவும் இறக்கவும் ரொறொன்ரோவில் என்னுடைய காரைப் போல ராசியான கார் கிடையாது. விமான நிலையத்தில் யோகண்ணை அழுதார். அதோடு பயம் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். தீரவில்லை. ரேப் லாச்சிக்குள் இருந்தது. கோடையில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கண்ணாடி அறைக்குப் போனால் இவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிடுவார்.

செத்த வீட்டில் அவருடைய மனைவி என்னை ஒரு பக்கத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணை, வீட்டில போன் அடிச்சால் இவர் ஏன் அப்பிடிப் பதறினவர்? எங்களை எடுக்க விட்டதே இல்லை. ஆரேனும்... வேற ஆக்கள் இருந்தவையோ? மறையாமல் சொல்லுங்கோ."

சுற்றி ஆட்கள் நின்றார்கள். அந்தப் புதுப் பிள்ளைகளும் நின்றார்கள். எனக்கு வாய் திறபடவில்லை, என் வாழ்க்கையில் முதல் தடவையாக.

தங்கச்சி, அதற்கு மறுமொழி இதுதான். வேறு ஆட்கள் ஒருவரும் இருக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தன்தான் இருந்தான், அவனுடைய குழந்தை அழுதது, உங்கள் மனுசன் அதைக் கேட்டுவிட்டார்.

நான் இன்னும் அந்த மூன்றாம் மாடியில்தான் வேலை செய்கிறேன். இந்த மலர் கடைகளில், கோயிலில், யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். பதினாறு வயதுப் பெடியனும் இல்லை, பொலிஸ் தகப்பனும் இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன். வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். என் பெயரையாவது எடுக்கச் சொல்கிறாள். எடுக்கவில்லை.

யோகண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த உடைந்த "நோ, சேர்" மட்டும்தான். எழுதும்போது கை நடுங்குகிறது. நடுங்கட்டும். அவருக்கும் நடுங்கியது.