மடங்காத மடக்குக்கத்தி

இதை எழுதாமலே விட்டிருப்பன். ஆர் வாசிக்கப்போகினம் எண்டு இழுத்தடிச்சுக்கொண்டு இருந்தனான், மேசை லாச்சியைத் திறக்க மண்ணெண்ணெயும் வாழைப்பாலும் கலந்த அந்த மணம் மூக்கிலை அடிச்சுது, எழுதக் குந்தீட்டன்.

கத்தி என்ரை மாமான்ரை. கப்பலிலை வேலை செய்தவர், ஏதோ ஒரு துறைமுகத்திலை பழஞ்சாமான் விக்கிறவனிட்டை வாங்கினவராம். ரெண்டு பக்கமும் மாட்டெலும்புப் பிடி, உள்ளுக்குப் பித்தளைத் தகடுகள், எல்லாத்தையும் மூண்டு ஆணி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். முதுகிலை ஒரு உருக்கு வில்லு. அதாலைதான் மடக்கேக்கை "டக்" எண்டு சத்தம். பெரிய அலகு, சின்ன அலகு, ரின் வெட்டிறது, போத்தில் தக்கை இழுக்கிற சுருள், பிறகு குதிரைக் குளம்பிலை கல்லெடுக்கிற கொக்கி. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் குதிரையிலை போய்ப் போத்தில் உடைச்சவன் போலை. எங்கடை ஊர் நீர்வேலியிலை குதிரைக்கு நான் எங்கை போறது? பக்கத்து வீட்டு மாட்டிலை முயற்சி செய்து, ஒரு உதை வாங்கினதுதான் மிச்சம்.

மாமா தரேக்கை சொன்னது ஒண்டுதான்: "வாழை வெட்டிறதெண்டால் முதல் எண்ணெய் பூசு மருமோன், இல்லாட்டிப் பால் உள்ளை இறங்கி இறுகீடும்." தோட்டக்காரன்ரை பிள்ளைக்குக் கப்பற்காரன் வாழை படிப்பிக்கிறார்!

அப்ப சண்டைக் காலம். கத்தியோடை பிடிபட்டால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலை இருந்த பெரியம்மாவுக்குக் கதலிக்குலை ஒண்டு குடுக்கச் சொல்லி அம்மா சொல்ல, நான் எடுப்புக் காட்டி இந்தக் கத்தியாலையே அறுத்தன். எண்ணெய் பூசேல்லை. பால் ஆணியடிக்குள்ளை இறுகி, பெரிய அலகு மடங்கமாட்டன் எண்டு நிண்டிட்டுது. அம்மா கண்டால் அடி. பெரியம்மா வீட்டை போய் மண்ணெண்ணெய் விடுவம் எண்டு விரிச்சபடியே துணிப்பையுக்கை போட்டன்.

நான் சைக்கிள் உழக்க, கரியரிலை என்ரை கூட்டாளி தயா, தோளிலை பை, மடியிலை குலை. வளைவு திரும்பினால், முந்தநாள் மட்டும் இல்லாத இடத்திலை ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றி! பையளைக் கொட்டிக் கொட்டிப் பாக்கிறாங்கள். திரும்பினால் சுடுவாங்கள், எறிஞ்சால் காணுவாங்கள்.

"நேரை பாத்து ஓடடா," எண்டு சொல்லிப்போட்டுத் தயா கத்தியை எடுத்துச் சீப்புகளுக்கு நடுவிலை, அலகு கீழ்ப்பக்கமாய்ச் செருகினான்.

ஆமிக்காரன் பையை உதறினான். ஒண்டுமில்லை. பிறகு குலையைப் பாத்துச் சிரிச்சு, ஒரு சீப்பு வெட்டித் தா எண்டு கையாலை காட்டினான். "கத்தி?" எண்டும் கேட்டான்.

"கத்தி இல்லை சேர், சத்தியமாய் இல்லை சேர்."

அவன் பொறுக்கேல்லை, தயான்ரை மடியிலை வைச்சபடியே குலையை அமத்திப் பிடிச்சு, மேற்சீப்பைத் தானே முறிச்சான். தயான்ரை கண்ணாலை தண்ணி கொட்டுது, வாயாலை ஒரு சத்தமில்லை. எனக்கு மூத்திரம் முட்டி நிக்குது. கடைசியிலை போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பெரியம்மா வீட்டு வாசல் மட்டும் திரும்பிப் பாக்காமல் உழக்கினன். இறங்கேக்கை பாத்தால் தயான்ரை நீலக் காற்சட்டையிலை கறுத்துப்போய் ஒரு கறை. "வாழைக்கறை தோய்ச்சாலும் போகாதடா, கொம்மா கொல்லப்போறா," எண்டு சிரிச்சன். அவன் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போனான். அண்டைக்கு வைச்ச "அழுகுணி" எண்ட பேராலைதான், அவன் கனடாவுக்குப் போறமட்டும் கூப்பிட்டன்.

இப்ப சென்றி இல்லை. அதிலை ஒரு போன் கடை. ஆனாலும் மோட்டச்சைக்கிளிலை போகேக்கை அந்த வளைவிலை என்ரை கால் பிறேக்கைத் தேடுது. மாமாவும் இல்லை. கத்தி மடங்குது, "டக்" எண்ட அந்தச் சத்தம்தான் பிறகு வரவேயில்லை.

இவ்வளவையும் எழுதித் தயாவுக்கு அனுப்பி, "சரியோடா அழுகுணி?" எண்டு கேட்டன். அவன் எழுதினது இதுதான்:

"அது வாழைக்கறை இல்லையடா, கத்தி நுனி என்ரை தொடையுக்கை நிண்டது."